கெரென்சாவுக்கு, மறுபடியும்

ஹாலிஃபாக்ஸ்
9 மார்ச் 1993

அன்புள்ள வில்ஃப்,

நலமா? நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் உண்மையையே எழுதுகிறேன். முழங்கால் வலிக்கிறது, வீடு பெரிதாகிவிட்டது, ஒருத்திக்கு எவ்வளவு உருளைக்கிழங்கு வேகவைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. ஜனவரியில் உன் அண்ணனை அடக்கம் செய்ய அந்தக் குளிரில் நாட்டின் அடிமுனையிலிருந்து வந்து நின்றாயே, அதை மறக்கமாட்டேன். வீட்டில் போன் வேண்டாம் என்று நீ கழற்றி அனுப்பிவிட்டதால் எல்லாவற்றுக்கும் பேனாவைத் தேட வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பரணைக் காலி செய்தேன். பக்கத்து வீட்டு எட்னாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். லெனர்ட்டின் பழைய பேண்டு வாத்திய உடுப்புகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதில் பூட்டு. பஸ் டிக்கெட் பரிசோதகருக்குப் பூட்டி வைக்க என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்த்தால், கறுப்புத் தோல் அட்டை போட்ட ஆறு தடிப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு டிராகன், தாள் விளிம்பெல்லாம் பொன் முலாம். பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டுக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித் தாள் உறை, அதற்கும் மேலே ஓர் அட்டைக் கூடு. கண்ணாடித் தாளையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டேன். வெறும் கூடுகளைக் குப்பைக்காரருக்கு வாசலில் வைத்திருக்கிறேன்.

எட்னா, "சர்ச் விற்பனைக்குக் குடுத்துடு டோரீன், டிராகன்னா பசங்க பறந்து பறந்து வாங்கும்"ங்கிறாள். நீயும் உன் ஜீனும் இந்த மாதிரிப் புத்தகங்களுக்காக ஊர் ஊராக அலைந்தவர்கள். ஜீன் போன பிறகு நீ எல்லாவற்றையும் விற்றுவிட்டாய் என்று தெரியும், ஆனாலும் விவரம் தெரிந்த ஒரே ஆள் நீதான். கொடுத்துவிடட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். டப்பா மீனையே தின்று காலம் தள்ளாதே.

உன் அண்ணி
டோரீன்


பென்சான்ஸ்
12 மார்ச் 1993

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் முழங்காலைப் பற்றி அப்புறம் விசாரிக்கிறேன். முதலில் வாசலுக்கு ஓடுங்கள். அந்தக் கூடுகளை எடுத்து உள்ளே வையுங்கள். இப்படிச் சேகரிப்பவர்கள் உலகத்தில் புத்தகத்துக்குக் கூடு இல்லையென்றால் மணமகனுக்குக் கால்சட்டை இல்லாத மாதிரி.

அவை சிறப்புப் பதிப்புகள். கடையில் கிடைக்கிற சாதாரணப் பிரதி வேறு. இவற்றைச் சின்னப் பதிப்பகங்கள் இருநூறோ முந்நூறோதான் அச்சடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒருவர் முதல் பாகத்தை எந்த எண்ணில் வாங்கினாரோ, கடைசிப் பாகம் வரை அதே எண்ணை அவருக்காகவே எடுத்து வைப்பார்கள். நடுவில் ஒரு பாகத்தை விட்டால் எண் போய்விடும். அதற்காகக் கல்யாண நாளைத் தள்ளி வைத்தவர்களை எனக்குத் தெரியும். வாங்கியவர்கள் பெரும்பாலும் இவற்றைப் படிப்பதும் இல்லை. படிக்க ஒரு மலிவுப் பிரதி, வைத்துக்கொள்ள இது. சிரிக்காதீர்கள்.

வெண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். சன்னல் ஓரம் வைக்காதீர்கள். சர்ச்சுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஆண்டவர் மன்னிப்பார். கடைசிப் பக்கத்தில் எண்ணும், முதல் பக்கத்தில் எழுதியவரின் கையெழுத்தும் இருக்கும். அவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

எனக்கு ஆச்சரியம்தான். பஸ் நேர அட்டவணையைத் தவிர அண்ணன் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. நான் அந்தப் பைத்தியத்தை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கை பரபரக்கிறது.

அன்புடன்
வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
18 மார்ச் 1993

அன்புள்ள வில்ஃப்,

நலம்தானே? கூடுகளை மீட்டுவிட்டேன். ஐந்து நல்லபடியாக இருக்கின்றன. ஆறாவதில் எட்னாவின் பூனை படுத்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது.

நீ சொன்னபடி பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"பனிக்கொல்லர்கள்" என்று கதையின் பெயர். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து, ஆறு, ஏழு. மூன்றாவது இல்லை. எல்லாவற்றிலும் எண் 63. எல்லாவற்றிலும் எழுதியவரின் கையெழுத்து, அதற்கு மேலே அவர் கையாலேயே ஒரு பெயர். முதல் பாகத்தில், "கெரென்சாவுக்கு." இரண்டாவதில், "கெரென்சாவுக்கு, மறுபடியும்." நாலாவதில், "இஞ்சி பிஸ்கட் கொண்டுவர மறக்காத கெரென்சாவுக்கு." ஆறாவதில், கேள், "கெரென்சாவுக்கும், அவள் பையைச் சுமந்து வரும் அந்த நல்ல மனிதருக்கும்."

யார் வில்ஃப் இந்தக் கெரென்சா?

முப்பத்தொரு வருஷம் என் பையைச் சுமந்து சனிக்கிழமைச் சந்தைக்கு வந்த மனுஷன் உன் அண்ணன். அவருக்குப் பை சுமப்பது அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அக்டோபர் ஆனால் பேண்டு வாத்தியப் போட்டி என்று இரண்டு மூன்று நாள் கிளம்பிவிடுவார். நேற்று பேண்டு மாஸ்டரை மீன் கடையில் பார்த்தேன். "லெனர்ட்டா? அவர் எண்பத்தாறுலயே நின்னுட்டாரேம்மா, ஒங்களுக்குத் தெரியாதா?"ங்கிறார். கையிலிருந்த மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் அவர் எதையும் மறைத்ததில்லை. ஒளிக்காமல் எழுது. கெட்ட செய்தி என்றாலும் தெரிந்துகொண்டு அழுவது மேல்.

டோரீன்


ஹாலிஃபாக்ஸ்
24 ஏப்ரல் 1993

அன்புள்ள வில்ஃப்,

நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் உன் ஊர்த் தபால்காரராவது எழுதிப் போட்டிருப்பார்.

கூடுகளைப் பற்றி எழுதினால் மூன்றே நாளில் பதில் வந்தது. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டால் ஒரு மாதமாகப் பதில் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எட்னாவைக் கேட்டேன். அவள் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, "ஒனக்கே தெரியும்டி"ன்னாள். எனக்குத் தெரியவில்லை. அதுதான் வேதனை. ஒரு நாள் உன் அண்ணனைப்போல நல்லவர் இல்லை என்று தோன்றுகிறது. மறுநாள் அந்த நல்ல குணமே நடிப்போ என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு பாதி வழி போனேன். திரும்பி வந்து பூவை எட்னாவிடம் கொடுத்துவிட்டேன். கல்யாணப் படத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். சுவரில் வெள்ளையாகச் சதுரம் தெரிகிறது, அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

அவர் இருந்திருந்தால் தட்டைத் தூக்கி எறிந்து ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். செத்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் பாட்டுக்கு அமைதியாக இருக்கிறார்.

பதில் போடு.

டோரீன்


பென்சான்ஸ்
3 மே 1993

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே காற்று மோசம். துறைமுகத்தில் நான் பழுது பார்க்கும் படகு எஞ்சின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இருமத் தொடங்கிவிட்டன. நேற்று ஒரு கடற்பறவை என் கையிலிருந்த இறைச்சிப் பணியாரத்தைப் பாதியோடு பிடுங்கிக்கொண்டு போனது. உங்கள் முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நீங்கள் கேட்டதற்கு. கெரென்சா என்று ஒரு பெண் எங்கேயும் குடியிருக்கவில்லை. அது ஒரு பெயர், அவ்வளவுதான். நீங்கள் நினைப்பதுபோல ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கல்யாணப் படத்தைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

புத்தகங்களை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். தயவுசெய்து. பூனையை எழுப்பிவிடுங்கள்.

வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
7 மே 1993

வில்ஃப்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

"ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்." இப்படி எழுத உனக்கு ஆறு வாரமா? ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று எழுது. நினைக்கிறேன் என்று எதற்கு? குடியிருக்கவில்லை என்கிறாய். குடியிருக்காதவள் எப்படி வரிசையில் நின்று இஞ்சி பிஸ்கட் கொடுப்பாள்? அந்தப் பெயரை நீ அறிவாய். அறிந்துகொண்டு கடற்பறவைக் கதை சொல்கிறாய்.

எட்னாவின் மைத்துனருக்கு ஹாரகேட்டில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரரைத் தெரியும். போனில் எண்ணையும் பெயரையும் சொன்னதும் அந்த மனிதருக்கு மூச்சே நின்றுவிட்டது. வருகிற இருபதாம் தேதி எடுத்துப்போக வருகிறார். அதற்குள் யார் என்று நீ எழுதாவிட்டால் ஆறையும் கூட்டோடு, பூனை முடியோடு, அவர் காரில் ஏற்றிவிடுவேன். என் வீட்டில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது.

டோரீன்


பென்சான்ஸ்
12 மே 1993

அன்புள்ள அண்ணிக்கு,

விற்காதீர்கள். சொல்லிவிடுகிறேன்.

கெரென்சா என்பது ஜீன். என் ஜீன்தான்.

ஆண்டுதோறும் பர்மிங்ஹாமில் இந்தக் கதைகளைப் படிக்கிறவர்கள் கூடும் மாநாடு நடக்கும். வந்தவர்கள் மார்பில் ஒரு பெயரட்டை குத்திக்கொள்வார்கள். அதில் சொந்தப் பெயரை எழுதுவது மட்டம். ஆளுக்கொரு பெயரைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். வேஷம் போட்டு ஈட்டி பிடித்து வருகிற பல் டாக்டர்கூட உண்டு. ஜீன் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழைய பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டாள். எழுதியவர் மேசையில் உட்கார்ந்திருப்பார். தலை நிமிர்ந்து மார்பிலிருக்கும் அட்டையைப் பார்ப்பார், அதில் என்ன பெயரோ அதை எழுதிக் கொடுப்பார். ஆண்டுக்கு ஒரு பாகம். ஏழு அக்டோபர். எண் 63 அவளுடையது.

பை சுமந்தவன் நான்.

கதையை அவள்தான் படித்தாள், நான் வரிசையில் இடம் பிடிக்கிற ஆள். அவள் படுக்கையில் விழுந்த பிறகுதான் நான் படித்தேன், அவளுக்காகச் சத்தமாக. "நல்ல புத்தகத்தையே எடுங்க வில்ஃப், மலிவுப் பிரதில எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, ஒங்களுக்குக் கண்ணு போயிடும்"ன்னாள். கை படாமல் வைத்திருந்ததை அப்போதுதான் திறந்தோம். அவளுக்கு முடிவு தெரியும். நான் கேட்டால் சொல்லமாட்டாள், வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். மூன்றாம் பாகத்தின் நடுவில் ஒரு பக்கம் வரைக்கும் போனோம். அந்தப் பக்கத்தில் பட்டு ரிப்பனை வைத்து மூடினேன். அடுத்த நாள் அவள் இல்லை.

மற்ற ஆறும் அலமாரியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஒரு வாரத்துக்குள் ப்ளிமத்தில் ஒரு கடைக்காரரிடம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். மூன்றாவதைத் தர முடியவில்லை. அதில் ரிப்பன் இருந்தது. இப்போதும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரிப்பனைத் தாண்டி ஒரு வரிகூட நான் படிக்கவில்லை.

அண்ணனுக்கு அந்தப் பெயர் தெரியும். ஒரு வருஷம் எங்கள் கார் பழுதாகி, அவர்தான் எங்களைப் பர்மிங்ஹாமுக்கு ஓட்டிப்போனார். வரிசையில் எங்களோடு நின்றார். ஆனால் கைவிட்டு நாலு திசைக்கும் போன ஆறு புத்தகங்களை அவர் ஏன் தேடிப் பிடித்தார், ஏன் பூட்டி வைத்தார், ஏன் எனக்குச் சொல்லவில்லை, எதுவும் எனக்குத் தெரியாது. நீங்கள் பெயரை எழுதியதும் எனக்கு வந்த கேள்வி இப்போது உங்களுக்கும் வந்திருக்கும். அதனால்தான் ஆறு வாரம் எழுதவில்லை. நான் எழுதாமல் இருந்தால் அந்தக் கேள்வி என்னோடு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

ஒத்தடம் கொடுங்கள்.

வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
20 மே 1993

அன்புள்ள வில்ஃப்,

ஹாரகேட்காரர் வந்தார். தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். படியிறங்கும்போது அவர் முகம் பிள்ளையைத் தொலைத்தவர் முகம்போல இருந்தது.

முதலில் உனக்காக அழுதேன். ஜீனை நான் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். பல்லி புத்தகம், பல்லி புத்தகம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்வேன். அவளும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேக் வைப்பாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் நீ சொன்ன கேள்வி வந்தது. வில்ஃப், யாரோ ஒரு கெரென்சா என்றால் எனக்குக் கோபம் மட்டும்தான். ஜீன் என்றால் நான் என்ன செய்வேன்?

இப்போது எதை நினைத்தாலும் அதற்கு ஒரு வால் முளைக்கிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜீன் பின்னிக் கொடுத்த கையுறையை லெனர்ட் கிழியும் வரைக்கும் போட்டிருந்தார். குளிர் என்று நினைத்தேன். ஜீன் போன செய்தி வந்தபோது கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பிக்காக அழுகிறார் என்று நினைத்தேன். குளிரும் தம்பியும்தானா, இல்லை வேறா? எட்னாவிடம் இதைச் சொல்லவில்லை. நான் அவளிடம் சொல்லாமல் இருக்கிற முதல் விஷயம் இதுதான், தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது.

உனக்கு இதைப் படிக்க எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் எழுத உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நாம் இருவரும் ஒரே குழப்பத்தில் ஆளுக்கொரு முனையில் நிற்கிறோம்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

டோரீன்


ஹாலிஃபாக்ஸ்
11 ஜூலை 1993

அன்புள்ள வில்ஃப்,

நலமா? என் மே மாதக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படி. நின்றுகொண்டு படிக்காதே.

வியாழக்கிழமை ஒரு போன். ஹெப்டன் பிரிட்ஜில் புத்தகம் பைண்டிங் செய்கிற சக்டன் என்பவர். "லெனர்ட் ஐயா குடுத்த வேலை ஜனவரியிலயே முடிஞ்சு போச்சும்மா. அவரு வரவே இல்லியே"ன்னார். அவர் போய்விட்ட விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் பஸ் ஏறிப் போனேன்.

பட்டறை முழுக்கப் பசை வாசனை. அவர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். மரப் பெட்டி, மேலே அதே கறுப்புத் தோல், உள்ளே மெத்தென்ற நீலத் துணி. புத்தகங்களை நிற்க வைக்கத் தடுப்பு போட்ட அறைகள். நான் எண்ணினேன். ஏழு.

"ஆறுதானேங்க இருக்கு?"ன்னேன்.

"நானும் அதையேதாம்மா கேட்டேன். ஆறு அறை போதுமே, மூணாவது கெடைக்கலன்னா நடுவுல பொக்கப் பல்லு மாதிரி இளிக்குமேன்னேன். அவரு சிரிக்கிறாரு. ‘அது கெடைக்க வேண்டியது இல்ல, சக்டன். அது என் தம்பிகிட்ட இருக்கு. ப்ளிமத் கடைக்காரர்கிட்டே கேட்டுட்டேன், அவன் வித்தது ஆறுதான். எல்லாத்தையும் வித்தவன் ஒண்ணை மட்டும் வெச்சிருக்கான்னா, மிச்சத்தை வித்ததுக்கு தெனமும் வருத்தப்படறான்னு அர்த்தம்’னாரு."

அவர் என் பக்கம் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து சொன்னார். ஆறாவது பாகத்தை லீட்ஸ் சந்தையில் ஒரு பழைய புத்தகத் தட்டில் தற்செயலாகப் பார்த்தாராம் உன் அண்ணன். உள்ளே பை சுமந்த நல்ல மனிதர் என்று இருந்தது. "அது என் தம்பிதான், சக்டன். அவனைப் பத்தி ஒரு புத்தகத்துல எழுதியிருக்கு. அது பழைய சட்டைக்கும் ஒடஞ்ச கெட்டிலுக்கும் நடுவுல கெடந்துச்சு"ன்னு சொன்னாராம். அன்றிலிருந்து அக்டோபர் தோறும் புத்தகச் சந்தைகளாக அலைந்திருக்கிறார். ஒரு பாகம் எடின்பரோவில். ஒரு பாகத்தைக் கொடுக்கமாட்டேன் என்ற ஒரு பாதிரியாரிடம் நாலு வருஷம் நடையாய் நடந்திருக்கிறார். பெட்டி இந்தச் செப்டம்பரில் உன் அறுபதாவது பிறந்த நாளுக்காம்.

"பெறகு ஏங்க என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான்.

சக்டன் கழுத்தைச் சொறிந்தார். "கேட்டேம்மா. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"‘டோரீன்கிட்ட சொன்னா அன்னிக்கு சாயங்காலமே எட்னாவுக்குத் தெரியும், மறுநா பென்சான்ஸ்ல தெரியும்’னாருங்க."

வில்ஃப், அந்தப் பசை வாசனைப் பட்டறையில் நான் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் பயந்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். உண்மைதானே! நான் சொல்லியிருப்பேன். என் வாய்க்குப் பயந்து ஏழு வருஷம் அந்த மனுஷன் பேண்டு வாத்தியம் வாசிக்கப் போவதாக ஏமாற்றியிருக்கிறார்.

அங்கிருந்து நேராகக் கல்லறைக்குப் போனேன். பூவும் வைத்தேன், நல்லா நாலு வார்த்தை திட்டவும் செய்தேன். படம் சுவருக்குத் திரும்பிவிட்டது.

அவர் எதற்குச் சேர்த்தார் என்று இனி நீயும் யோசிக்க வேண்டாம், நானும் யோசிக்க வேண்டாம். தனக்காகச் சேர்க்கிறவன் உன்னிடம் இருக்கிற புத்தகத்துக்கு அறை செய்யச் சொல்லமாட்டான்.

உன் அண்ணி
டோரீன்


பென்சான்ஸ்
19 ஜூலை 1993

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படகுத்துறைப் படியில். அலை வந்து செருப்பை நனைத்த பிறகுதான் எழுந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் அனுப்பிய அட்டையில், "அடுத்த வருஷம் நீ வடக்கே வரணும், சாக்குச் சொல்லாதே" என்று எழுதியிருந்தார். பார்க்கலாம் என்று பதில் போட்டேன். அவர் அடக்கத்துக்கு வந்தபோது அந்தப் பரணுக்கு நேர் கீழே உள்ள அறையில்தான் படுத்திருந்தேன்.

சொந்த அண்ணனையும் சொந்த மனைவியையும் ஒரே மூச்சில் சந்தேகப்பட்டேன், அண்ணி. இரண்டு பேரும் கேட்டிருந்தால் என்னை வைத்துச் சிரித்துத் தீர்த்திருப்பார்கள்.

பெட்டியை ரயில் பார்சலில் அனுப்பிவிட முடியுமா? இல்லை, வேண்டாம். பார்சல்காரர்கள் முரடர்கள். என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு இன்று எதுவும் ஓடவில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது?

வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
30 ஆகஸ்ட் 1993

அன்புள்ள வில்ஃப்,

நலம். முழங்காலும் நலம், வெயில் அடிக்கிறது. உன் கடிதத்துக்குப் பதில் தாமதமானதற்குக் காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பெட்டியை அனுப்பப் போவதில்லை. நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன் அவ்வளவு அலைந்து சேர்த்ததில் அப்படி என்னதான் இருக்கிறது என்று முதல் பாகத்தைச் சும்மா பிரித்தேன். முதல் நாற்பது பக்கத்தில் யார் யாருக்கு மாமன் மச்சான் என்றே புரியவில்லை, ஒவ்வொருவனுக்கும் மூன்று பெயர். பிறகு அந்தக் கொல்லன் மகள் வந்தாள். நெருப்புக் கக்கத் தெரியாத டிராகனைக் கூட்டி வந்து உலை ஊதச் சொல்கிறாளே, அந்த இடத்தில் என் ரொட்டி அடுப்பில் கருகிவிட்டது. எட்னாவுக்குத் தினமும் கதை சொல்கிறேன். நேற்று வாசலில் நின்றுகொண்டு, "அந்தப் பல்லி இன்னும் இருமிக்கிட்டுத்தான் இருக்கா?"ன்னு கேட்டாள். "பல்லி இல்லடி, டிராகன்"னு நானே திருத்தினேன். ஜீன் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கத்தில் என் வெண்ணெய்க் கை பட்டுவிட்டது. பக்க எண்ணைச் சொல்லமாட்டேன், நீயே கண்டுபிடித்துத் திட்டிக்கொள்.

நேற்று இரண்டாவதை முடித்தேன். கொல்லன் மகள் பனியில் பாலத்தின் நடுவில் நிற்கிறாள், பாலம் விரிசல் விடுகிறது, அத்தோடு முடித்துவிட்டான் பாவி. கை தானாக அடுத்த பாகத்துக்குப் போனது. நாலாவதுதான் வந்தது. அதைத் திறக்காமல் அப்படியே திரும்ப வைத்தேன். அடுத்தது உன்னிடம் அல்லவா இருக்கிறது.

அதனால் உன் பிறந்த நாளுக்கு நீயே புத்தகத்தோடு வந்துவிடு. பரணுக்குக் கீழே உள்ள அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். பெட்டி மேசை மேல் திறந்தே இருக்கிறது, மூன்றாவது அறை காலி. பூனை ஒருமுறை அதில் புக முயன்றது, விரட்டிவிட்டேன்.

வந்ததும் மூன்றாவதை என்னிடம் கொடு. ரிப்பன் இருக்கிற பக்கம் வரைக்கும் நான் தனியாகப் படித்துக்கொள்கிறேன், அது நீயும் ஜீனும் படித்தது, அதில் நான் குறுக்கே வரமாட்டேன். அதற்குப் பிறகு நீ சத்தமாகப் படி. எனக்கும் முடிவு தெரியாது, உனக்கும் தெரியாது. இந்த முறை வாயை மூடிக்கொண்டு சிரிக்க வீட்டில் யாரும் இல்லை. மெதுவாகவே படிக்கலாம், இன்னும் நாலரைப் பாகம் இருக்கிறது.

ரயிலில் குளிரும், கையுறை போட்டுக்கொள். வரும் வழியில் இஞ்சி பிஸ்கட் வாங்கிக்கொள். உன் பையை ஸ்டேஷனிலிருந்து நான் சுமந்து வருகிறேன்.

உன் அண்ணி
டோரீன்